முதல் பண்டிகைச் சமையலா? எங்கே தொடங்குவது, எதற்காகச் செய்கிறோம்

கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள், வேலைக்காக வெளியூர் போய் முதல் தடவையாகத் தனியாகப் பண்டிகை கொண்டாடுகிறவர்கள், வேறு பழக்கம் உள்ள குடும்பத்திலிருந்து ஒரு தமிழ் வீட்டுக்கு மருமகளாகவோ மருமகனாகவோ வந்து சேர்ந்தவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சமைக்கத் தெரியாது என்பது இவர்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை, அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. எந்த நாளுக்கு எது, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, ஏன் கூடாது என்பதில்தான் திணறிப்போகிறார்கள்.

"ஏன்?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டே பதில்தான் வரும். "எங்க மாமியார் அப்படித்தான் செய்வாங்க" என்பது ஒன்று. வாட்ஸ்அப்பில் வரும் "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" வகை அறிவியல் விளக்கம் இன்னொன்று. முதல் பதிலாவது நேர்மையானது. என் கணிப்பில் இந்த வழக்கங்களில் பாதிக்கு மேல் இரண்டு சாதாரணக் கேள்விகளிலிருந்து வந்தவைதான்: அந்த மாதத்தில் என்ன விளைந்து கையில் இருந்தது, செய்து வைத்தது எத்தனை நேரம் கெடாமல் தாங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்து அடுப்படியை நினைத்துப் பார்த்தால் நிறைய முடிச்சு தானாக அவிழும். புராணக் கதைக்கு இடமில்லை என்று சொல்லவில்லை, கண்ணன் கதை இல்லாமல் கோகுலாஷ்டமிக்கு வெண்ணெய் எப்படி வரும்? ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு விளைச்சலும் கெடாமையும்தான் முதலில் கைகொடுக்கும்.

முதல் வேலை, போன் போட்டுக் கேட்பது

மளிகை லிஸ்ட் எழுதுவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். "தீபாவளிக்கு என்ன செய்வீங்க?" என்று மொட்டையாகக் கேட்டால் "என்ன, பலகாரம்தான்" என்று முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: அன்றைக்கு வெங்காயம் பூண்டு சேர்ப்போமா? படையல் இலையிலா தட்டிலா, எத்தனை இலை? காக்கைக்கு முதலில் வைக்க வேண்டுமா? அசைவம் உண்டா? சமைப்பதற்கு முன் யார் குளித்திருக்க வேண்டும்? கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு பண்டம் எது?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒன்றோ இரண்டோ விட முடியாத பண்டம் இருக்கும், மற்றதெல்லாம் வசதியைப் பொறுத்தது. விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, ஆயுத பூஜைக்குப் பொரி கடலை, கார்த்திகைக்குப் பொரி உருண்டை. அது இருந்தால் போதும், வடையும் பாயசமும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

அசைவம் பற்றிக் கேட்கச் சொன்னதும் சிலருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். பண்டிகைச் சாப்பாடு என்றாலே சைவம் என்பது பாதிதான் உண்மை. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் தீபாவளிக் காலை என்றால் இட்லியும் கறிக்குழம்பும்தான். காணும் பொங்கலன்று கறி எடுக்காத தெருவைத் தேட வேண்டும். குலதெய்வக் கோவிலில் கிடா வெட்டிப் படைப்பது முழுமையான வழிபாடு, அதில் குறைவு ஒன்றும் இல்லை. அதே வீடுகள் புரட்டாசி மாதம் முழுக்க முட்டையைக்கூடத் தொடாது. எனவே "இந்துப் பண்டிகை, அதனால் இப்படித்தான்" என்று யார் சொன்னாலும் அது அவர்கள் வீட்டு வழக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் வீட்டு வழக்கமும் மனைவி வீட்டு வழக்கமும் முட்டிக்கொண்டால் அன்றைக்குச் சமையலுக்கு நிற்கிறவர் சொல்வதுதான் சட்டம் என்பது என் கட்சி.

அடுத்தது காலண்டர்

பண்டிகைகள் இரண்டு வகை. பொங்கல், சித்திரை ஒன்று, ஆடிப்பெருக்கு மாதிரியானவை சூரியக் கணக்கு, தமிழ்த் தேதி மாறாது. விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி, ஏகாதசி எல்லாம் திதிக் கணக்கு, வருஷத்துக்கு வருஷம் இங்கிலீஷ் தேதி நகரும். வெளிநாட்டில் இருந்தால் அந்த ஊர் பஞ்சாங்கத்தைப் பாருங்கள், திதி தொடங்கும் நேரம் மாறிப்போகும். காரடையான் நோன்பு இன்னும் வேடிக்கை, மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரத்தை ஒட்டிச் செய்ய வேண்டியது என்பதால் சில வருஷம் நடுராத்திரியில் அடை தட்டிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது வருஷத்தை ஒரு சுற்று சுற்றி வருவோம், காரணங்களோடு.

தையில் அறுவடை. புது நெல், அப்போதுதான் காய்ச்சிய புது வெல்லம், வெட்டிய கரும்பு, தோண்டியெடுத்த மஞ்சளும் இஞ்சியும் கொத்தோடு. பொங்கல் பானைக்குள்ளும் பானையைச் சுற்றியும் இருப்பது எல்லாமே அந்த வாரத்து வயல்தான். பல காய் போட்டு ஒரே குழம்பாகவோ கூட்டாகவோ வைப்பதும் இதனால்தான்: அவரை, பச்சை மொச்சை, பூசணி, பரங்கி, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சேனை, கருணை எல்லாம் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து குவியும். ஏழு காய், ஒன்பது காய் என்று ஒற்றைப்படையில் கணக்கு வைப்பார்கள். ஒன்று கிடைக்கவில்லை என்றால் இருக்கிற காயைப் போட்டுச் செய்யுங்கள், சூரியன் எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

சித்திரை பிறக்கும்போது வேம்பு பூத்திருக்கும், மாங்காய் தொங்கும். அன்றைக்கு இலையில் வேப்பம்பூவும் மாங்காய்ப் பச்சடியும் வருவதற்கு வாழ்க்கையில் கசப்பும் இனிப்பும் கலந்திருக்கும் என்று விளக்கம் சொல்வார்கள். அழகான விளக்கம்தான், ஆனால் முதலில் பூ மரத்தில் இருந்தது, தத்துவம் அப்புறம் வந்து ஏறிக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது. பங்குனி சித்திரை வெயிலில் ராமநவமி வரும். அதற்குச் சமையலே கிடையாது, பானகம், நீர்மோர், ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரியும் மாங்காயும் நறுக்கிப் போட்ட வடைப்பருப்பு. அடுப்புப் பக்கம் போகாமலே முடிகிற பண்டிகை, புதியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப் பொடித்த வெல்லம், அரை ஸ்பூன் சுக்குப்பொடி, இரண்டு ஏலக்காய், ஒரு எலுமிச்சம்பழம், கரைத்து வடிகட்டினால் பானகம். ஆந்திராவில் மங்களகிரி நரசிம்மருக்கு இந்தப் பானகம்தான் பிரதான நைவேத்தியம்.

ஆடி வேறு மாதிரி மாதம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், அதாவது விதைக்கிற மாதம், அறுக்கிற மாதம் இல்லை. குதிரில் நெல் குறைந்திருக்கும். அம்மன் கோவில்களில் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் ஊற்றுவதை இந்தப் பின்னணியில் பாருங்கள்: அண்டா நிறையக் காய்ச்சி ஊரே வந்து குடிக்கிற சாப்பாடு, மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவிடுவதால் மோர் ஊற்றிக் குடிக்கும்போது வயிற்றுக்கும் லேசு. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, சில ஊர்களில் கருவாட்டுக் குழம்பு. அங்கே போய் "சாமிக்கு வெங்காயமா?" என்று கேட்டுவிடாதீர்கள்.

ஆடி ஒன்றாம் தேதி சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கம் தேங்காய் சுடுவார்கள். மற்ற மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேருக்கு இது தெரியவே தெரியாது. தேங்காயின் நாரை நன்றாக உரித்து, வழுவழுப்பாகத் தேய்த்து, கண்ணில் துளை போட்டுப் பாதித் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு, ஊறிய பாசிப்பருப்பு, பச்சரிசி அல்லது அவல், எள், பொட்டுக்கடலை, பொடித்த வெல்லம் எல்லாவற்றையும் குச்சியால் குத்திக் குத்தி உள்ளே தள்ளி, அழிஞ்சில் குச்சியைக் கூராகச் சீவி அந்தத் துளையிலேயே செருகி, மஞ்சள் பூசி, வாசலில் மூட்டிய தீயில் காட்டித் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். ஓடு கருகி விரிசல் விடும்போது வெல்லம் கசிந்து தீய்கிற வாசம் வரும், அதுதான் பதம். உடைத்தால் உள்ளே பாசிப்பருப்பும் அரிசியும் தேங்காய்த் தண்ணீரிலேயே வெந்து தேங்காய்ப் பருப்போடு ஒட்டியிருக்கும். பிள்ளைகள் இருக்கும் வீடாக இருந்தால் உங்கள் ஊர் எதுவானாலும் இதை ஒரு தடவை செய்து பாருங்கள்.

ஆடிப்பெருக்குக்குக் கலந்த சாதங்கள். ஆற்றங்கரைக்குக் கட்டிக்கொண்டு போவதற்குத்தான் புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று விதவிதமாக. புரட்டாசிச் சனிக்கிழமைக்கு மாவிளக்கும் பெருமாளுக்குப் படைக்கிற தளிகையும். தீபாவளிக்கு எண்ணெய்ப் பலகாரம், கூடவே அதைத் தாங்குவதற்கு லேகியம்: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, வெல்லம், நெய். எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வெறும் வயிற்றில் ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அன்று முழுக்க என்ன சாப்பிடப் போகிறோம் என்பது வழக்கத்தை ஏற்படுத்தியவருக்கே தெரிந்திருக்கிறது.

மார்கழிக் குளிரில் காலையில் வெண்பொங்கல், மிளகும் இஞ்சியும் நெய்யும் போட்டது. திருவாதிரைக்குக் களி. மார்கழி 27ஆம் நாள் வைணவ வீடுகளில் கூடாரவல்லி, அக்காரவடிசில் செய்வார்கள். இதன் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும்: திருப்பாவையின் 2ஆம் பாசுரத்தில் நோன்பு தொடங்கும்போது நெய்யும் பாலும் உண்ண மாட்டோம் என்று ஆண்டாள் சொல்லிவிடுகிறாள், 27ஆம் பாசுரத்தில் நோன்பு முடியும்போது முழங்கை வழிய நெய் ஊற்றிய பாற்சோறு வருகிறது. அதனால் அக்காரவடிசிலில் நெய்யைக் குறைக்கலாமா என்று கேட்கிறவர்கள் அன்றைக்குச் சாதாரணச் சர்க்கரைப் பொங்கலே செய்துவிடலாம்.

அடுப்படி விதிகள்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள், தேவையில்லை. பொதுவாக எல்லா வீட்டிலும் இருக்கும் விதி: குளித்துவிட்டுச் சமைப்பது, படைப்பதற்கு முன் ருசி பார்க்காமல் இருப்பது, படையலுக்குச் செய்வதில் வெங்காயம் பூண்டு சேர்க்காமல் இருப்பது. கடைசியாகச் சொன்னது எல்லா வீட்டிலும் இல்லை, மேலே கூழ் பற்றிச் சொன்னேன்.

ருசி பார்க்கக்கூடாது என்பதற்கு முதல் காரணம் பக்திதான், சாமிக்கு எச்சில் ஆகக்கூடாது. ஆனால் பத்துப் பேர் கை மாறும் பொதுச் சமையலில், கரண்டியை வாயில் வைத்துவிட்டு அதையே மறுபடியும் பாத்திரத்தில் போடுகிறவர்களைத் தடுக்க இதைவிடப் பலமான விதி கிடையாது. சரி, உப்பை எப்படித் தெரிந்துகொள்வது? அளந்து போடுங்கள். ஒரு கப் அரிசி போட்ட வெண்பொங்கலுக்கு முதலில் ஒன்றேகால் டீஸ்பூன் தூள் உப்பு, அடுத்த தடவை கூட்டலாம் குறைக்கலாம். ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். பழக்கப்பட்ட பாட்டிகள் கொதிக்கிற வாசத்திலேயே உப்பு பற்றவில்லை என்று சொல்வார்கள், நமக்கு அது வாய்க்கும்வரை அளவுக்கரண்டிதான் துணை. குறைந்துபோனாலும் கவலை வேண்டாம், கும்பகோணம் பக்கத்தில் உப்பிலியப்பன் கோவிலில் நைவேத்தியமே உப்பில்லாமல்தான்.

வெங்காயம் பூண்டை விடுவதற்கு அவை ராஜச, தாமச குணத்தைத் தூண்டும் என்று சாத்திரம் காரணம் சொல்லும். நம்பிக்கை அது, ஆராய்ச்சி முடிவு மாதிரி பரப்ப வேண்டியதில்லை. சமையலில் இதனால் வருகிற விளைவு என்னவென்றால் சுவைக்கு வேறு வழி தேட வேண்டும்: பெருங்காயம், இஞ்சி, மிளகு, சீரகம், தேங்காய். பழைய கோவில் பிரசாதங்கள் பலவற்றில் மிளகுதான் காரம், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவில் இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு, அழகர்கோவில் தோசையிலும் மிளகு. மிளகாய் போர்ச்சுகீசியர்கள் மூலமாக 16ஆம் நூற்றாண்டில்தான் இந்தப் பக்கம் வந்தது. முன்னோருக்குத் திதி கொடுக்கிற நாளின் சமையலில் மிளகாய், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் கூடாது என்பது எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும், புதிதாக வந்தவற்றுக்குப் பழைய சடங்கில் இடம் கிடைக்கவில்லை.

அப்புறம் கெடுகிற பண்டம், கெடாத பண்டம். சில வீடுகளில் சாதம், குழம்பு போன்ற தண்ணீரில் வெந்தவற்றைப் பத்து என்று தனியாக வைப்பார்கள், அதைத் தொட்ட கையோடு தயிர், ஊறுகாய், எண்ணெய்ப் பலகார டப்பாவைத் தொடக்கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் ஆசாரம் மாதிரித் தெரியும். ஆனால் தண்ணீர்ச் சத்துள்ள சோறு அரைநாளில் கெடும், முறுக்கும் சீடையும் வாரக்கணக்கில் நிற்கும், ஈரக்கை பட்டால் ஊறுகாய் பூசணம் பூக்கும், அந்த அனுபவம்தான் விதியாக மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன். கோவிலில் புளியோதரை கொடுப்பதும் இதே கணக்கு. வெறும் சோற்றை வெளியே வைத்தால் பாசிலஸ் செரியஸ் என்ற கிருமி பெருகும், புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் அதைத் தாமதப்படுத்தும். பழனி பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்க மாட்டார்கள், விருப்பாச்சி மலைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் அவ்வளவுதான், அதனால்தான் பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுவந்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க முடிகிறது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

முதல் சமையலுக்குப் பொங்கல்

பயிற்சிக்குப் பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள், தப்பு நடக்க வாய்ப்புக் குறைவு. மண்பானை என்றால் முதல் நாள் இரவே தண்ணீர் நிரப்பி ஊறவையுங்கள், இல்லாவிட்டால் அடுப்பில் விரிசல் விடும். இண்டக்‌ஷன் அடுப்பில் மண்பானை வேலை செய்யாது, அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் போதும். கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டி, தண்ணீரும் ஒரு டம்ளர் பாலும் ஊற்றிப் பாத்திரத்தை முக்காலுக்கு மேல் நிரப்புங்கள், பால் சேர்த்தால் நுரைத்துப் பொங்குவது நிச்சயம். ஃபிளாட்டில் இருப்பவர்கள் அடியில் ஒரு அகலத் தட்டு வையுங்கள். பொங்கி வழிந்ததும் பொங்கலோ பொங்கல் சொல்லிவிட்டு, கொஞ்சம் தண்ணீரை மொண்டு தனியே எடுத்து வைத்துக்கொண்டு, கழுவிய அரிசியைப் போடுங்கள்.

சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு கப் பச்சரிசிக்குக் கால் கப் வறுத்த பாசிப்பருப்பு, ஐந்து கப் தண்ணீர், ஒன்றரையிலிருந்து இரண்டு கப் பொடித்த வெல்லம். அரிசி விரலால் நசுக்கினால் மசிகிற அளவுக்கு வெந்த பிறகுதான் வெல்லம். முன்னாலேயே போட்டுவிட்டால் அதற்கு மேல் அரிசி வேகாது, எவ்வளவு நேரம் கிளறினாலும் நறுக் நறுக்கென்று பல்லில் தட்டும். வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கி வடிகட்டுங்கள், அடியில் மண் தங்குவதைக் கண்ணால் பார்த்தால் பிறகு ஒருநாளும் அப்படியே போட மாட்டீர்கள். நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை, ஏலக்காய், கடுகளவு பச்சைக் கற்பூரம். பச்சைக் கற்பூரம் அதிகமானால் சாப்பிடுகிற பொங்கலே கசந்துபோகும். பூஜைக்கு ஏற்றுகிற சூடம் வேறு, அதைச் சமையலில் போட்டுவிடாதீர்கள், விஷம்.

பாயசத்துக்கும் ஒரு வார்த்தை: கொதிக்கிற வெல்லப் பாகில் பாலை ஊற்றினால் திரிந்துவிடும். அடுப்பை அணைத்து, சூடு ஆறிய பிறகு காய்ச்சிய பாலைச் சேருங்கள்.

கோகுலாஷ்டமிச் சீடையை முதல் வருஷமே முயல வேண்டாம் என்பேன். பிடிவாதமாகச் செய்வதென்றால் இதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். சீடை எண்ணெயில் வெடிப்பது விளையாட்டு இல்லை, முகத்தில் தெறித்தால் கொப்புளம்தான். மேல்தோல் இறுகிய பிறகு உள்ளே மாட்டிய நீராவிக்கு வெளியேற வழி இல்லாததால் வெடிக்கிறது. ஆகவே அரிசி மாவையும் உளுந்து மாவையும் இரண்டு தடவை சலியுங்கள், உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், கல்லாகப் போடாதீர்கள், உருண்டையை அழுத்தி வழவழவென்று உருட்டாமல் லேசாக, கொஞ்சம் கீறலோடு விடுங்கள், துணியில் பரப்பி உலரவிட்டு ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்துங்கள். முதலில் இரண்டே இரண்டு போட்டுப் பார்த்து, ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்கள். இவ்வளவும் வேண்டாம் என்றால் அவல், வெண்ணெய், வெல்லம் வைத்துக் கும்பிட்டால் போதும், குசேலர் கொண்டுபோனது அவல்தான்.

நவராத்திரிச் சுண்டல் சுலபம், ஊறவைக்க மறந்தால் மட்டும் கஷ்டம். கொண்டைக்கடலை, காராமணி, பட்டாணி, மொச்சை என்று நாளுக்கு ஒன்றாகத் திட்டமிட்டு முந்தின இரவே எது என்று குறித்து வையுங்கள். ஒன்பது நாளும் மாலையில் யார் எப்போது வருவார்கள் என்று தெரியாத வீட்டில், இலை போடாமல் கையில் ஒரு பிடி கொடுத்து அனுப்ப வேறு எது தோதாக இருக்கும்?

படைப்பதும் பரிமாறுவதும்

எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து இலையிலோ சின்னக் கிண்ணங்களிலோ வையுங்கள், சாதத்தின் மேல் ஒரு துளி நெய். விளக்கேற்றி, கையில் தண்ணீர் எடுத்து இலையைச் சுற்றி வலமாகத் தெளித்து, சூடம் காட்டி, சில நிமிஷம் அப்படியே விடுங்கள். மந்திரம் தெரியாதா, மனதில் நினைத்துக் கும்பிடுங்கள், தமிழில் சொன்னாலும் சாமிக்குப் புரியும். பிறகு படைத்ததை மீதிச் சமையலோடு கலந்துவிட்டால் எல்லாமே பிரசாதம். அமாவாசை, திதி நாட்களில் முதலில் காக்கைக்கு.

வாழை இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது பக்கம் வர வேண்டும். வலது பக்கம் அகலமாக இருந்தால்தான் வலது கையால் சோற்றைப் பிசைய இடம் இருக்கும், அவ்வளவுதான் ரகசியம். உப்பு, ஊறுகாய், பச்சடி, கூட்டு, பொரியல் மேல் பாதியில், சோறு கீழ்ப் பாதியில். இனிப்பை முதலில் ஒரு துளியாவது வைத்துவிடுங்கள். பருப்பு நெய், சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று போகும், ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்னே பின்னே. சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடிப்பது நல்ல காரியத்துக்கு. எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டு வழக்கம் என்பதால் கல்யாணத்தில் யாராவது தெரியாமல் அப்படி மடித்தால் பக்கத்து இலைப் பெரியம்மா முறைப்பார்.

விரத நாட்கள் பற்றி

ஏகாதசிக்கு அரிசி உள்ளிட்ட தானியம் கூடாது, முழுப் பட்டினி முடியாதவர்கள் பால், பழம் எடுத்துக்கொள்வார்கள். பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமையோ மைதாவோ கலந்திருக்கும், கறாராக இருக்கிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். மறுநாள் துவாதசியில் விரதத்தை முடிக்கிற பாரணைச் சாப்பாட்டுக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் உண்டு, புளி மட்டும் சேர்க்க மாட்டார்கள். காய்ந்த வயிற்றில் புளிக்குழம்பை ஊற்றினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை அனுபவித்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்காதீர்கள். இன்னொன்று, "வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே" என்று சர்க்கரை நோயுள்ள மாமாவுக்கு மூன்றாவது கரண்டி பொங்கல் வைப்பதை நிறுத்துங்கள். ரத்தச் சர்க்கரையை வெல்லமும் ஏற்றும்.

மிச்சம்

பண்டிகை அன்று எப்படியும் அதிகமாகத்தான் செய்வோம். பலகாரத்தை மாலைக்குள் அக்கம்பக்கம் கொடுத்துவிடுங்கள், தட்டு திரும்பி வரும்போது காலியாக வராது, நீங்களும் காலியாக அனுப்பாதீர்கள், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கரண்டிச் சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். சாத வகைகளை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். சர்க்கரைப் பொங்கல் மறுநாள் கெட்டியாகிவிடும், கொஞ்சம் பால் விட்டுச் சூடாக்கினால் பழைய பதத்துக்கு வந்துவிடும். தைப் பொங்கல் மிச்சத்துக்குக் கணுப்பிடி வழக்கம் உள்ள வீடுகளில் வேறு வேலை இருக்கிறது: முதல் நாள் பொங்கலிலும் சாதத்திலும் ஒரு பங்கு எடுத்து வைத்து, மறுநாள் விடியற்காலையில் குளிப்பதற்கு முன் மஞ்சள், குங்குமம் கலந்து சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, மாடியிலோ முற்றத்திலோ மஞ்சள் இலையில் வரிசையாக, உடன்பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று காக்கைக்கும் குருவிக்கும் வைப்பார்கள். அதனால் அன்றைக்கு ராத்திரி பானையைச் சுரண்டிக் கழுவிவிடாமல் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்.